நாத்தனார் வரைந்த கடல்

என்னைப் பெண் பார்க்க வந்தபோது என் நாத்தனார் முதலில் கேட்டது என் பெயரை அல்ல. "ரொம்ப வேர்க்குதே, மொகத்தத் தொடச்சுக்கம்மா" என்று சொல்லித் தன் கைப்பையிலிருந்து ஒரு வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து நீட்டினார். அது லேசாக ஈரமாக இருந்தது. எவ்வளவு அக்கறையான மனுஷி என்று நினைத்து நானும் நெற்றி, கன்னம், கழுத்து என்று நன்றாகத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதை வாங்கி, ஜன்னல் பக்கம் திரும்பி, வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்து, மடித்து உள்ளே வைத்துக்கொண்டார். கல்யாணம் முடிந்து ஆறு மாதம் கழித்து ஒருநாள், வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது, தானாகவே சொன்னார்: "பவுடர் எவ்வளவு போட்டிருக்கேன்னு பாக்கத்தான் குடுத்தேன். கொஞ்சம்தான் வந்துச்சு." இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா, கோபித்துக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை. சிரித்து வைத்தேன்.

அவர் என் கணவருக்கு அக்கா. எங்கள் பக்கம் கணவரின் அக்காவை அண்ணி என்றுதான் கூப்பிடுவது. அரியலூரில் ஒரு பெண்கள் பள்ளியில் ஓவிய டீச்சர். பெரம்பலூரில் எங்களோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு தினமும் பஸ்ஸில் போய் வந்தார். இருபது வருஷமாக அதே நேரம், அதே பஸ், நெற்றியில் கொட்டை எழுத்தில் அரியலூர் என்று போர்டு. இருந்தாலும் ஏறுவதற்கு முன்னால் கண்டக்டரிடம் "அரியலூர்தானே?" என்பார். ஏறி உட்கார்ந்த பிறகு பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் இன்னொரு முறை கேட்பார். கண்டக்டர் ஒருநாள் பொறுக்க முடியாமல், டீச்சர் நீங்க ஏறுனாத்தான் இது அரியலூர் பஸ்சுன்னு எங்களுக்கே தெரியுது என்றாராம். அதைக்கூட அவர் சிரிக்காமல்தான் எங்களிடம் வந்து சொன்னார். அண்ணி காலமாகி மூன்று வருஷம் ஆகிறது. இப்போது நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது, அப்போது வரவில்லை.

வீட்டிலும் அப்படித்தான். பால் பாக்கெட்டை உடைத்ததும் முகர்ந்து பார்ப்பார். என்னை முகரச் சொல்வார். பிறகு என் மாமியாரையும் கூப்பிட்டு முகரச் சொல்வார். மாத்திரை அட்டையில் தேதியைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிப்பார். "ரெண்டு பேரு சொல்லட்டும், அப்புறம் நம்புறேன்" என்பது ஒரு நாளைக்குப் பத்து முறை அவர் வாயில் வரும். நான் காலையில் என் அம்மாவிடம் போனில் பேசி முடித்தால், அம்மா என்ன சொன்னாங்க என்று கேட்பார். சாயங்காலம் என் அம்மாவுக்கே போன் போட்டு, காலையில என்ன சொன்னீங்க என்று கேட்பார். இரண்டும் ஒத்துப்போனால் பேசாமல் இருப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் தோண்டுகிற இடங்களில் சிப்பி, நத்தை வடிவத்தில் கல் கிடைக்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பொறுக்கிக்கொண்டு வருவார்கள். ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்தது என்று அறிவியல் டீச்சர் அவரிடம் விளக்கியிருக்கிறார். இவர் முழுதாகக் கேட்டுவிட்டு, "யாரு பாத்தா?" என்றாராம். ஆனால் அந்தச் சிப்பிக் கல்லில் ஒன்றை வாங்கிவந்து, பேப்பர் பறக்காமல் இருக்க வைத்துக்கொண்டார்.

இதில் கொடுமை என்னவென்றால், அவர் சந்தேகப்பட்டது பல சமயம் சரியாகவே இருந்தது. பிள்ளைகளை ரஞ்சன்குடிக் கோட்டைக்கு அழைத்துப் போன வருஷம், எல்லாரும் ஏறியாயிற்று, வண்டியை எடுக்கலாம் என்று கூட வந்த இரண்டு டீச்சர்களும் சொல்லிவிட்டார்கள். இரண்டு பேர் சொன்ன பிறகும் இவருக்கு மனசு ஒப்பவில்லை. இறங்கி, திரும்பவும் கோட்டைக்குள் போய்ப் பார்த்தால், ஏழாவது படிக்கிற பெண் ஒருத்தி மதில் நிழலில் காய்ச்சலோடு சுருண்டு கிடந்திருக்கிறாள். அன்றிலிருந்து அவர் கண்ணுக்குத் தப்பி எதுவும் போகாது என்பது எங்கள் வீட்டில் முடிந்த முடிவு. அவர் ஒன்றைத் தவறவிட்டார் என்று யாராவது சொன்னால், சொன்னவருக்குத்தான் ஏதோ கோளாறு என்று ஆகிவிடும். என் கணவர் நாற்பதை நெருங்கிய ஆம்பிளை. அக்கா எதிரில் போனைக் கவிழ்த்து வைக்கப் பயப்படுவார்.

ஏன் இப்படி என்று நான் அவரைக் கேட்டதில்லை. எதிர்வீட்டு அம்மாள்தான் ஒருநாள் காய்கறி நறுக்கிக்கொண்டே சொன்னாள். அவருக்கும் ஒரு கல்யாணம் நடந்திருக்கிறது. பதினோரு மாசம். அந்த ஆளுக்கு வேறொரு ஊரில் ஏற்கெனவே ஒரு குடும்பம் இருந்திருக்கிறது. தரகருக்குத் தெரியும், மாப்பிள்ளையின் சொந்தத்துக்குத் தெரியும், மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களில் பாதிப் பேருக்குத் தெரியும். எல்லாரும் அட்சதை போட்டுவிட்டு, பாயசம் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதைக் கேட்ட அன்றைக்கு அவர் மேல் எனக்கு இருந்த எரிச்சல் கொஞ்சம் இறங்கியது. மறுநாள் நான் அரைத்த மாவை விரலால் தொட்டு முகர்ந்தார், பழையபடி ஏறிவிட்டது.

அவர் நிம்மதியாக இருந்து நான் பார்த்தது படம் வரையும்போது மட்டும்தான். அதற்கும் ஒரு முறை வைத்திருந்தார். எங்கேயாவது போய் வந்தால்தான் வரைவார். போன இடத்தில் பிரஷ்ஷைத் தொடமாட்டார், பார்த்துக்கொண்டே நிற்பார். அப்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் காதில் ஏறாது. திரும்பி வந்த பிறகு, மாடி அறையில் கெட்டிப் பேப்பரைப் பலகையில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, மூன்று டம்ளரில் தண்ணீர் வைத்துக்கொண்டு உட்காருவார். நாங்கள் போனில் எடுத்த போட்டோவைக் காட்டினால் புறங்கையால் தள்ளிவிடுவார். "போன்ல எல்லாமே அழகா இருக்கு. அதுலயே தெரியல, பொய்யின்னு?" என்பார்.

யார் எங்கே நின்றார்கள் என்று கூடப் போனவர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரித்து, பென்சிலால் புள்ளி வைப்பார். சேலை, சட்டை நிறத்துக்கு அந்தத் துணியே வேண்டும். துவைத்தால் நிறம் மாறிவிடுமாம். படம் முடிகிற வரைக்கும் அவர் அன்றைக்குக் கட்டிய சேலையைத் துவைக்கப் போடமாட்டார். வெள்ளைக்கு மட்டும் பெயிண்ட் கிடையாது. தண்ணீர்க் கலரில் வெள்ளையைப் பூச முடியாது, பேப்பரை அந்த இடத்தில் சும்மா விட்டுவைக்க வேண்டும், முன்னாலேயே யோசித்து விடாவிட்டால் அப்புறம் கிடைக்காது என்று சொல்வார். என் பையன் இனியன் அவர் மடியில் உட்கார்ந்து பிரஷ் கழுவிக் கொடுப்பான். அவன் ஒருவன்தான் அந்த அறைக்குள் கேட்காமல் போகலாம். நான் சாப்பிட்டேன் அத்தை என்று அவன் சொன்னால் மட்டும் நம்புவார். அதாவது, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு நம்புவார்.

அவர் கடலை வரைந்த வருஷம் என் கொழுந்தனாருக்குக் கல்யாணம் ஆகி மூன்று மாதம். வந்தவள் வினோதினி, எனக்கு ஓரகத்தி, உடையார்பாளையத்துப் பெண். அப்பாவுக்கு முந்திரித் தோப்பு. கலகலவென்று பேசுவாள், நாத்தனார் கேட்கிற குறுக்குக் கேள்விக்கெல்லாம் சளைக்காமல் பதில் சொல்லுவாள். ஆடி பிறந்தால் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்களே, அதற்குள் எல்லாரும் ஒருமுறை எங்காவது போய் வரலாம் என்று ஆனிக் கடைசியில் வேன் பிடித்துத் தரங்கம்பாடிக்குப் போனோம். மாமியார், நாத்தனார், நாங்கள் இரண்டு ஜோடி, இனியன். அவனுக்கு அப்போது நாலு வயசு.

ஏரியும் வாய்க்காலும் பார்த்து வளர்ந்த ஜனம் நாங்கள். ஏரித் தண்ணீர் இருக்கிற இடத்தில் இருக்கும். கரையில் நிற்கிற பிள்ளையைத் தேடி வராது. கடலையும் அப்படித்தான் நினைத்தோம். ஆண்கள் இரண்டு பேரும் இறங்கிக் குளித்தார்கள். மாமியார் புளிசாதத் தூக்கோடு நிழலில் உட்கார்ந்துவிட்டார். வினோவுக்கு வேன் ஒத்துக்கொள்ளாமல் வாந்தி, தலைவலி. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வேனுக்கே போய்விட்டாள். நாத்தனார் அலை வந்து காலைத் தொடுகிற இடத்தில் நின்று கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சேலை இடுப்பு வரை நனைந்துவிட்டது. காலையிலிருந்து கேட்டு அழுத பையனுக்குப் பஞ்சுமிட்டாய் வாங்கிக் கையில் கொடுத்து, நேரே நாத்தனாரிடம் கூட்டிப் போனேன். அண்ணி, இவனப் பாத்துக்கங்க, சேலை மாத்திட்டு வந்துடறேன் என்றேன். "ம்" என்றார். பையன் அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டான். என் கண்ணால் அதைப் பார்த்துவிட்டுத்தான் போனேன்.

திரும்பி வந்தால் ஒரே கும்பல். மீன்கார அம்மாள் ஒருத்தி இனியனைத் தோளில் தலைகீழாகப் போட்டு முதுகில் தட்டிக்கொண்டிருந்தாள். அவன் வாயிலிருந்து தண்ணீர் கொட்டியது. பஞ்சுமிட்டாய்ப் பை காற்றில் பறந்துபோக, அதைப் பிடிக்கப் படகுகள் பக்கம் ஓடியிருக்கிறான். ஓர் அலை வந்து உருட்டி உள்ளே இழுத்துவிட்டது. வலை உதறிக்கொண்டிருந்த அந்த அம்மாள் பார்த்து, பாய்ந்து, காலைப் பிடித்துத் தூக்கியிருக்கிறாள். அவள் மட்டும் வேறு பக்கம் திரும்பியிருந்தால் என்று ஆரம்பித்து இன்றுவரை அந்த நினைப்பை என்னால் முடிக்க முடிந்ததில்லை.

அவன் வீறிட்டு அழுத பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் கேள்வி வந்தது. கேட்டது வேறு யாருமில்லை, நாத்தனார்தான்.

"யார்கிட்ட குடுத்துட்டுப் போன?"

நான் அவர் கண்ணைப் பார்த்தேன். நடிப்பு இல்லை. நிஜமாகவே கேட்டார். நான் சொன்னதும், தான் ‘ம்’ போட்டதும், பிள்ளை முந்தானையைப் பிடித்ததும் எதுவுமே அவர் தலைக்குள் போகவில்லை. கடல் மட்டும்தான் போயிருக்கிறது. உங்ககிட்டதான் அண்ணி என்று ரெண்டே வார்த்தை, தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். ரஞ்சன்குடியில் பெண்ணைக் கண்டுபிடித்தவரைப் போய், பிள்ளையைத் தவறவிட்டீர்கள் என்று யார் சொல்வது? சொன்னால்தான் யார் நம்புவது? அந்த நேரம் பார்த்து வினோ வேன் பக்கமிருந்து ஒரு துண்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"வினோகிட்டதான் அண்ணி" என்றேன்.

"என்கிட்டயா? குடுக்கலையேக்கா."

"குடுத்தேனே. நீ ம்முன்னு சொன்னியே."

நாத்தனார் சொன்ன ‘ம்’மை எடுத்து அவள் வாயில் வைத்துவிட்டேன். இவ்வளவு சுலபமாக எனக்குப் பொய் வரும் என்று அதுவரை எனக்கே தெரியாது.

வேனில் திரும்பி வருகிற வழியெல்லாம் யாரும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பையனுக்கு மூன்று நாள் காய்ச்சல். நாத்தனார் லீவு போட்டு, இரண்டு தெர்மாமீட்டர் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஒன்று சொல்வதை இன்னொன்று ஒத்துக்கொள்ள வேண்டும். யாருகிட்டடா இருந்த என்று அவனையும் கேட்டார். கடல்கிட்ட என்றான்.

காய்ச்சல் விட்டும் தூக்கத்தில் திடுக்கிட்டு எழுந்தான். எங்கள் பக்கம் குழந்தை பயந்துவிட்டால் லப்பைக்குடிக்காட்டுக்குக் கொண்டுபோய், பள்ளிவாசல் ஹஜரத்திடம் ஓதி ஊதித் தண்ணீர் வாங்கிக் கொடுப்பது வழக்கம். நாத்தனாரும் கூட வந்தார். ஹஜரத் ஓதி, டம்ளரில் ஊதி நீட்டினார். இவர் அதை வாங்கி முகர்ந்து பார்த்து, இது எந்தத் தண்ணீர் என்று கேட்டார். எனக்கு மானமே போயிற்று. அந்தப் பெரியவர் கோபிக்கவில்லை. "ஓதுனது அல்லாஹ் பேருலம்மா. தண்ணி ஆர்.ஓ. தண்ணிதான்" என்றார். திரும்பி வரும்போது, பஸ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, வினோகிட்ட நீ குடுத்தப்ப அவ எந்தப் பக்கம் நின்னா என்று என்னைக் கேட்டார். இடது பக்கம் என்றேன்.

ஆடி பிறந்தது. வினோவின் அப்பா முறைப்படி தட்டு வைத்து மகளை அழைத்துப்போக வந்தார். கிளம்பும்போது அவள் அடுப்படிக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நான் வேனுக்குப் போறதுக்கு முந்தி சொன்னீங்களா? காத்து அடிச்சுச்சுல்ல, சத்தியமா என் காதுல விழலக்கா" என்றாள். அவளிடம் நான் சொல்லியிருப்பேன், தனக்குத்தான் கேட்கவில்லை என்று அவளே நம்ப ஆரம்பித்திருந்தாள். போயிட்டு வா என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

ஆடி முடிந்தால் மாப்பிள்ளை வீட்டார் போய் அழைத்துவர வேண்டும். ஆவணி பிறந்தும் யாரும் போகவில்லை. வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை. வர்ற வெள்ளிக்கிழமை பாக்கலாம் என்றார் மாமியார். அந்த வெள்ளி வந்ததும் அடுத்த வெள்ளியைச் சொன்னார். நாளைக்கு நம்ம புள்ளையையும் இப்படித்தானே விடுவா என்று கொழுந்தனார் என் கணவரிடம் சொல்லியிருக்கிறார். அவள் அப்பா இரண்டு முறை போன் பண்ணி, எல்லாரும் சௌக்கியமா என்று கேட்டுவிட்டு, மேலே பேசத் தெரியாமல் வைத்துவிட்டார். ஒரு பெண்ணை வாழாவெட்டி ஆக்குவதற்குச் சண்டை எதுவும் வேண்டியதில்லை. போய்க் கூப்பிடாமல் இருந்தால் போதும்.

இதற்குள் நாத்தனார் கடலை வரையத் தொடங்கியிருந்தார். வானமும் தண்ணீரும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் முடிந்தன. வெறும் தண்ணீரைப் பேப்பர் முழுக்கத் தடவி, அது காய்வதற்குள் நீலத்தை விட்டார். அது தானாகப் பரவி, கீழே வரவரப் பச்சையாகி, கரையோரம் வெளுத்தது. நுரைக்குப் பேப்பரை அப்படியே விட்டிருந்தார். பொய் சொல்லக் கூடாது, அழகாக இருந்தது. டீ கொண்டுபோன நான் டம்ளரோடு நின்றுவிட்டேன். பிறகு மணலில் பென்சில் புள்ளிகளைப் பார்த்ததும் டம்ளரை வைத்துவிட்டுக் கிளம்பப் பார்த்தேன்.

உனக்கு எங்க வைக்க என்று கேட்டார். நான் கடற்கரைக் கோட்டைப் பக்கம் மறைவில் சேலை மாற்றிக்கொண்டிருந்தேன், படத்தில் வரமாட்டேன் என்றேன். அப்ப வினோவுக்கு? படகுக்குப் பக்கத்தில் என்றேன். ஒரு புள்ளி வைத்து, அதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டார்.

அடுத்த வாரம் தம்பிகள் இருவரையும் விசாரித்தார். வினோவை மணலில் பார்த்ததாக இரண்டு பேருக்கும் ஞாபகம் இல்லை. என்னை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு வேன் டிரைவருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். "சின்னம்மா வேன்லதான் டீச்சர் படுத்திருந்துச்சு. சத்தம் கேட்டுத்தான் துண்டத் தூக்கிட்டு ஓடுச்சு" என்றான் டிரைவர். நாத்தனார் ரப்பரை எடுத்தார்.

"டிரைவர் ஒருத்தருதானே சொல்றாரு. ரெண்டு பேரு சொல்லணுமே அண்ணி" என்றேன்.

அவர் சொல்லை அவரிடமே திருப்பிக் கொடுக்க எனக்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அது சரிதான் என்றார். ரப்பரைக் கீழே வைத்தார். ஆனால் அன்றிலிருந்து நான் கொண்டுபோகிற டீயை வெகுநேரம் முகர்ந்து பார்த்த பிறகே குடித்தார்.

பிறகு அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் வேவு பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் ஒரே கேள்வியை நாலு நாள் இடைவெளி விட்டு, வேறு மாதிரி கேட்பார். நான் முன்பு என்ன சொன்னேன் என்று நினைவுபடுத்திக்கொண்டு அதையே சொல்வேன். அவர் பள்ளிக்கூடம் போனதும் மாடி ஏறிப் போய், புதுப் புள்ளி ஏதாவது விழுந்திருக்கிறதா என்று பார்ப்பேன். சொல்லித் தொலைத்துவிடலாம் என்று இரண்டு முறை பாதிப்படி ஏறித் திரும்பியிருக்கிறேன். சொன்னால் வினோ வந்துவிடுவாள். ஆனால் அதே கையோடு என்னை என் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயம். பயம் என்ன பயம், சுயநலம்தான்.

ஆவணி மூன்றாவது ஞாயிறு. டீ கொண்டுபோனேன். கரையில் தன்னை வைப்பதற்காக, அன்றைக்குக் கட்டியிருந்த நீலச் சேலையைப் பெட்டியிலிருந்து எடுத்து ஜன்னலோரம் பிரித்துக்கொண்டிருந்தார். அப்படியே நின்றுவிட்டார். முந்தானையில் ரோஸ் நிறத்தில் கறை. சின்னச் சின்னதாக நாலு விரல், அதற்குக் கீழே ஒரு கசங்கல்.

அவர் அதையும் நம்பவில்லை. குங்குமமாக இருக்குமோ என்று சந்தேகம். சுத்தமான பிரஷ்ஷைத் தண்ணீரில் தொட்டுக் கறையை நனைத்து, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் இழுத்தார். வெளிறிய ரோஸ் ஓடியது. பக்கத்திலேயே குங்குமத்தைக் குழைத்து ஒரு கோடு இழுத்தார். அது செங்கல் நிறத்தில் திப்பித்திப்பியாக நின்றது. இரண்டையும் பார்த்துக்கொண்டே, திரும்பாமல் கேட்டார்.

"பஞ்சுமிட்டாய் எப்ப வாங்கிக் குடுத்த?"

"சேலை மாத்தப் போறதுக்குக் கொஞ்சம் முன்னாடி."

"அதுக்கு முந்தி அவன் எதுவும் திங்கலையே?"

"இல்லங்கண்ணி."

"சரி. கீழ போ."

மத்தியானம் அவர் சாப்பிட வரவில்லை. சாயங்காலம் மாடிக்குப் போனேன். அவர் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். பலகையில் படம் இருந்தது. தண்ணீர் ஓரத்தில் நீலமாக ஓர் ஆள். அந்த நீலத்தைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் இன்னும் சின்னதாக ஓர் ஆள். மற்ற யாருக்கும் கலர் வைக்கவில்லை. வினோவின் புள்ளி இருந்த இடத்தில் பேப்பர் அழித்து அழித்து நைந்து போயிருந்தது. நான் சத்தமில்லாமல் இறங்கி வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொன்னார். என்னைப் பார்த்து, "கெளம்பு, உடையார்பாளையம் போறோம்" என்றார். எதுக்கு என்று மாமியார் கேட்டதற்கு, மருமகளை அழைச்சிட்டு வர என்று மட்டும் சொன்னார். அரியலூரில் பஸ் மாறிப் போகிற வரைக்கும் அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லார் முன்னாலும் என் மானத்தை வாங்கத்தான் கூட்டிப்போகிறார் என்று நினைத்தேன். அவர் எப்படிக் கேட்டால் எப்படிச் சமாளிப்பது என்று வழியெல்லாம் மூன்று விதமாகப் பதில் தயார் பண்ணிக்கொண்டே போனேன். அந்த நிலையிலும் என் புத்தி அப்படித்தான் போயிற்று.

வினோவின் அப்பாவும் அம்மாவும் பதறி எழுந்து நாற்காலி போட்டார்கள். நாத்தனார் உட்காரவில்லை. வினோ அடுப்படி வாசலில் நின்றாள், கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"புள்ளைய உங்க பொண்ணுகிட்ட குடுக்கல. என்கிட்டதான் குடுத்தது. நான்தான் பாக்காம விட்டுட்டேன். தப்பு என்னுது" என்றார் நாத்தனார். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. வினோ என்னைப் பார்த்தாள்.

"அப்ப நீங்க என்கிட்ட சொல்லவே இல்லையாக்கா?"

"இல்ல வினோ."

அவள் உள்ளே போய்விட்டாள். பை எடுக்கப் போனாளா, என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் போனாளா என்று தெரியாமல் நான் நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. இன்றைக்கும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள். என்னிடம் நன்றாகத்தான் பேசுவாள். ஆனால் கடைக்குப் போகும்போது பிள்ளைகளை என்னிடம் விட நேர்ந்தால், பக்கத்தில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் செருப்பைப் போடுவாள். நான் அதற்கு என்ன சொல்ல முடியும்?

அவள் உள்ளே துணி எடுத்துவைத்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் நாத்தனாரும் நானும் வெளியே முந்திரி மரத்தடியில் நின்றுகொண்டிருந்தோம். அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் பேசினார்.

"யாருகிட்ட குடுத்தன்னு நானேதான கேட்டேன். உங்ககிட்டதான்னு சொல்ல வேண்டியதுதானே?"

நான் காலால் முந்திரிச் சருகைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

"எம்மேல உனக்கு அவ்வளவு பயமா?"

தயார் பண்ணி வைத்திருந்த மூன்று பதிலும் அப்போது என்னிடம் இருந்தன. அதெல்லாம் இல்லை, மரியாதைதான் என்று சொல்லியிருக்கலாம். பதற்றத்தில் வாய் தவறிவிட்டது என்று சொல்லியிருக்கலாம்.

"ஆமாங்கண்ணி" என்றேன்.

நான் சொன்னதை அவர் திரும்பக் கேட்கவில்லை. வேறு யாரையும் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் இல்லை. முந்தானையை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார். அத்தனை வருஷத்தில் நான் சொல்லி அவர் உடனே நம்பியது அது ஒன்றுதான்.